காந்தம் ஒட்டின இடம்

சித்தெ நகந்து உக்காருங்க தம்பி. இந்தப் பையை மட்டும் மடியில வெச்சுக்கறேன், கீழே வெச்சா நசுங்கிப் போயிரும். பட்டுச்சேலை இருக்குதுங்க உள்ள. வேற ஒண்ணுமில்லை.

அது என்னங்க கையில, பத்திரிகையா? மஞ்சக் கவரு. நத்தக்காடையூருக்கு முந்தி இருக்கற மண்டபந்தானுங்களே? ரஞ்சனி கல்யாணம்? பிரிக்காதீங்க, பிரிக்காதீங்க. இங்க குடுங்க, நான் கையில வெச்சுக்கறேன். பயப்படாதீங்க, எறங்கறப்ப திருப்பிக் குடுத்தர்றேன். பிரிக்காம இருந்தாச் சரி.

நீங்க மாப்பிள்ளை கூட வேலை பாக்கறவரா? எந்தூருங்க? பரமக்குடியா, அவ்வளவு தூரத்துல இருந்தா வர்றீங்க? நல்ல பையனுங்களா மாப்பிள்ளை? நல்ல பையன்தான்னு கேள்விப்பட்டேன். கேள்விதானுங்க பட முடியும் நானெல்லாம்.

நான் யாரா? நான் பொண்ணுக்குத் தாய்மாமனுங்க. பேரு சென்னியப்பன். ஈரோட்டுல, ரயிலடிக்கு அந்தப்பக்கம் பட்டறை வெச்சிருக்கறேன். பொண்ணோட அம்மா பூங்கொடி எங்கூடப் பொறந்த தங்கச்சி. ஒரே தங்கச்சி.

என்ன அப்படிப் பாக்கறீங்க? தாய்மாமன் முகூர்த்தத்தன்னிக்குக் காலையில எட்டு மணி பஸ்ஸுல ஏன் போறான்னுதானே? நியாயமுங்க. எங்க பக்கத்துல தாய்மாமன் முந்தாநாளே போயி, பந்தல் சரியா இருக்குதா, சமையக்காரன் வந்துட்டானான்னு அதட்டிக்கிட்டு இருக்கோணும். பொண்ணு நெத்தியில பட்டம் கட்டறது தாய்மாமன்தான். வேற எவன் கட்டினாலும் அது பட்டமாகாது. இந்தா, இந்தப் பைக்குள்ள பட்டமும் வாங்கி வெச்சிருக்கேன். கட்ட விடமாட்டாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் வாங்கினேன். கடைக்காரன் அளவு கேட்டான், சின்ன நெத்திப்பா, அவங்கம்மா மாதிரின்னேன்.

இந்தக் கையைப் பாருங்க. பெருவெரலுக்குக் கீழே. பல்லுத் தடம் தெரியுதுங்களா? அவளுக்குக் காது குத்தறப்ப எம்மடியிலதான் உக்காந்திருந்தா. வலி தாங்காம கடிச்சுப்போட்டா. ஒண்ணேகால் வயசு, நாலு பல்லு. அந்தப் புள்ளைக்கு இன்னிக்குக் கல்யாணம், பத்திரிகையில எம்பேரு இல்லை. அதான் பிரிக்க வேண்டாம்ங்கறேன். எம்பேரு இருக்க வேண்டிய எடத்துல வேற எவன் பேராச்சும் இருக்கும். அதைப் பாத்துப்போட்டு மண்டபத்துக்குள்ள கால் வெக்க என்னால ஆவாதுங்க.

ஏன்னு கேக்கறீங்க. சொல்றனுங்க. பஸ்ஸு இன்னும் பூந்துறையே வரலை.

இது என்னன்னு தெரியுதுங்களா? காந்தம். பழைய ரேடியோவுல இருந்து கழட்டினது. முப்பது வருசமா இந்தச் சட்டைப் பையிலதான் இருக்குது. இந்த சீட்டுக் கம்பி எப்படிப் பளபளன்னு இருக்குது பாருங்க, எவர்சில்வர்னுதானே நெனைப்பீங்க? இந்தா, டக்குனு ஒட்டுது. உள்ள கருப்பு இரும்பு, மேல பூச்சு. இப்படித்தானுங்க, கண்ணு ஏமாறும், காந்தம் ஏமாறாது. அப்படின்னு நெனைச்சுத்தான் நான் கெட்டேன்.

எம்பொழப்பே இந்த ரெண்டு இரும்புலதானுங்க. ஒண்ணு கருப்பு இரும்பு, படிச்சவங்க கார்பன் ஸ்டீலுங்கறாங்க. கேட்டு, கிரில்லு, அருவா, கத்தி, உங்க வீட்டுத் தோசைக்கல்லு, எல்லாம் அதுதான். சூட்டை நல்லா வாங்கிப் பரப்பும், தீட்டினா கூர் நிக்கும், வெல்டிங் வெச்சா சொன்னபடி கேக்கும். வெலையும் கம்மி. ஒரே ஒரு கெட்ட குணம், தண்ணி பட்டா விடியறதுக்குள்ள துரு. ஆனா ஒளிச்சு வெக்காதுங்க. எல்லாத்துக்கும் தெரியற மாதிரி மேலாப்புல துருவேறும், நீங்க தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சுக்கலாம்.

இன்னொண்ணு எஸ்எஸ்ஸு, நம்ம எவர்சில்வர். அது கவுரவக்காரனுங்க. சூட்டை ஒரே எடத்துல பிடிச்சு வெச்சுக்கிட்டு நெளியும், வளையும், வெல்டருக்கு உசுரு போயி உசுரு வரும். ஆனா துருப்பிடிக்காது. ஏன் பிடிக்காது? அதுக்குள்ள குரோமியம் கலந்திருக்குது. காத்து பட்டதும் மேல ஒரு தோலு கட்டிக்கும், கண்ணுக்கே தெரியாத தோலு. கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கும். இதெல்லாம் இப்பத் தெரிஞ்சதுங்க. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெண்டே ரெண்டு. எஸ்எஸ் துருப்பிடிக்காது, எஸ்எஸ்ஸுல காந்தம் ஒட்டாது. துருப்பிடிச்சு, காந்தமும் ஒட்டினா அது போலி. இவ்வளவுதான் எம்படிப்பு.

எந்தங்கச்சி வீட்டுக்காரன் அர்த்தநாரி தகடு யாவாரி. நாந்தான் பாத்துக் கட்டி வெச்சேன். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளிக் கடை. ஈரோட்டுல பாதிப் பட்டறைக்கு அவன்கிட்ட இருந்துதான் தகடு போகும். "அர்த்தநாரி கடைச் சரக்கா, சரி சரி, காந்தத்தை உள்ள வை"ம்பாங்க. அப்படிப் பேரு. அதிகம் பேசமாட்டான். பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை. எனக்கு அது பிடிக்கறதில்லைங்க, பேசாதவனை எப்படி நம்பறது? ஆனா நல்லாத்தான் இருந்தோம். ஞாயித்துக்கெழமையானா கறி அங்கதான் எனக்கு.

மூணு வருசத்துக்கு முந்தி ஒரு பால் கம்பெனிக்கு டேங்க் செய்யற வேலை வந்துதுங்க. ரெண்டாயிரம் லிட்டர். அதுவரைக்கும் நான் கேட்டும் கிரில்லும் செஞ்சவன், எஸ்எஸ் வேலை சில்லறையாத்தான். இது கெடைச்சா எங்கியோ போயிரலாம். தகடு அர்த்தநாரி கடையில இருந்துதான். அசல் எஸ்எஸ்ஸு, பால் வெக்கறதுக்குன்னே இருக்கற ரகம். அவனே வந்து எறக்கிக் குடுத்துட்டு, "மச்சான், இதுக்குன்னு தனியா சாமான் வெச்சுக்குங்க"ன்னான். நான், "முப்பது வருசமா பட்டறை வெச்சிருக்கேன், எனக்கு நீ சொல்லித் தர்றயா"ன்னேன். சிரிச்சுப்போட்டுப் போயிட்டான்.

டேங்க் முடியற நேரத்துல நோம்பி வந்துருச்சுங்க, ஊர்த் திருவிழா. மாரியம்மன் நோம்பிக்கு ஈரோட்டுல எவன் வேலைக்கு வருவான்? வெல்டர் ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. கம்பெனிக்காரங்க நாளைக்கு லாரி வரும்ங்கறாங்க. வெல்டிங் வெச்ச ஓரமெல்லாம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணோணும். எஸ்எஸ் பிரஷ் முடியெல்லாம் கொட்டிப் போயிக் கெடக்குது. செவுத்துல, ஆணியில இன்னொரு பிரஷ் தொங்கிச்சு. அதை எடுத்து நானே தேய்ச்சேன். ராப்பகலாத் தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிப்போச்சு. சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சக் குங்குமம் வெச்சு, லாரி ஏத்தி அனுப்பினேன். நோம்பிக்கு லீவு விட்டா இப்படித்தானுங்க, எல்லாம் அந்த வெல்டர் பசங்களால வந்தது.

சரி, அதை விடுங்க.

பத்தே நாளு. டேங்க் திரும்பி வந்துது, அதே லாரியில. வெல்டிங் ஓரமெல்லாம் துரு. காப்பிப்பொடி தூவின மாதிரி, கோடு கோடா. கம்பெனி மேனேஜர் கூடவே வந்தாரு. "சென்னியப்பன், இது எஸ்எஸ்ஸா, தகரமா?"ன்னாரு. தெருவுல இருக்கற அத்தனை பட்டறைக்காரனும் கூடிட்டான். இந்தக் காந்தத்தை எடுத்தேன். மேல் தகட்டுல வெச்சேன், ஒட்டலை. சைடுல வெச்சேன், ஒட்டலை. அடியில, குழியா வளைச்சிருப்போமில்லீங்களா, அந்த வளைவுல வெச்சேன். இழுத்துச்சு. டக்குனு இல்லை, மெல்ல. ஆனா இழுத்துச்சுங்க. நூறு பேரு பாத்தாங்க.

அப்படியே போன் போட்டு அர்த்தநாரியை வரச் சொன்னேன். என்னன்னு சொல்லலை, ஒடனே வான்னேன். பாவம், மொபெட்டுல, கையில சாப்பிட்ட ஈரம் கூடக் காயாம வந்தான். "யாருக்காச்சும் அடிபட்டுருச்சுங்களா மச்சான்?"னு கேட்டுக்கிட்டே எறங்கினான்.

நான் கேட்ட கேள்வியெல்லாம் இப்பச் சொல்ல வாய் கூசுது. போலிச் சரக்கு வித்தியான்னேன். தங்கச்சியைக் குடுத்த வீட்டுக்கே துரோகம் பண்றியான்னேன். "எந்தங்கச்சி கழுத்துல கெடக்கற தாலியையும் காந்தம் வெச்சுத்தான் பாக்கோணுமாட்ட இருக்குது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ஒண்ணே ஒண்ணு சொன்னான். "மச்சான், தட்டி வளைச்ச எடத்துல அசல் எஸ்எஸ்ஸும் கொஞ்சம் காந்தத்தை இழுக்கும். வளைக்கறப்ப அதோட குணம் மாறிக்குது. தட்டையா இருக்கற எடத்துலதான் பாக்கோணும்." மேனேஜர் கேக்கலை. நானும் கேக்கலை. "அப்ப இந்தத் துரு எங்கடா இருந்து வந்துது? ஆகாசத்துல இருந்தா?"ன்னேன்.

அப்பக் குனிஞ்சானுங்க. டேங்க் பக்கத்துல குந்தி உக்காந்து, துரு மேல வெரலை வெச்சு அந்தக் கோட்டு வழியாவே தடவிக்கிட்டுப் போனான். நிமுந்தான். செவுத்துப் பக்கம் பாத்தான். ஆணியில தொங்கற பிரஷ்ஷை ஒரு நிமிசம் பாத்தான். அப்பறம் என்னைப் பாத்தான். வாயைத் தொறந்தான். அந்த மேனேஜரைப் பாத்துட்டு மூடிக்கிட்டான். தோள் துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சுட்டு, மொபெட்டைத் தள்ளிக்கிட்டே போயிட்டான். ஸ்டார்ட் கூடப் பண்ணலை.

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்ங்கறது சரிதான்னு நெனைச்சேன். பதில் இருந்தாச் சொல்லியிருப்பானில்லைங்க? அங்க நின்ன அத்தனை பேரும் அதைத்தான் சொன்னாங்க. பேசாமப் போனானே, அதுவே சாட்சின்னாங்க.

பூந்துறை தாண்டிருச்சுங்களா? ஆமாங்க, தாண்டிருச்சு.

அப்பறமென்ன. மேனேஜர் எந்தோளைத் தட்டி, "சொந்தக்காரன்னு பாக்காம உண்மையைச் சொன்னீங்க, நீங்கதான் நாணயஸ்தன்"னாரு. வேற கடையில தகடு வாங்கி இன்னொரு டேங்க் செஞ்சு குடுத்தேன், அதுக்கப்பறம் அங்க இருந்தே ஆறு டேங்க். அர்த்தநாரி கடைக்கு ஆளு போறது நின்னுபோச்சு. தகடு யாவாரத்துல பேரு போச்சுன்னா போனதுதானுங்க. ஆறே மாசம். கடையை மூடிட்டு, இப்பப் பவானியில இன்னொருத்தர் கடையில தகடு எடை போடற ஆளா இருக்கான். சொந்தக் கடையில நாற்காலி போட்டு உக்காந்திருந்தவன் தம்பி. பூங்கொடி ஒரு தடவை போன் பண்ணி, "அண்ணா, அவரு எதுவுமே சொல்லமாட்டேங்கறாரு, நீங்களாச்சும் என்ன நடந்துதுன்னு சொல்லுங்க"ன்னு அழுதா. "உம்புருசனைக் கேளு"ன்னு வெச்சுட்டேன்.

இத்தோட இருந்திருந்தா நான் இப்படிப் புலம்பமாட்டேன். கோவக்காரன், தங்கச்சி மாப்பிள்ளையைத் திட்டினான்னு போயிருக்கும்.

அடுத்த வருசம் வேற ஒரு வேலை. தகடு கோயமுத்தூருல பெரிய கடையில, சீலெல்லாம் குத்தி வந்த சரக்கு. அதுலயும் துரு. அதே மாதிரி, கோடு கோடா. துண்டு வெட்டி கோயமுத்தூருல சோதனை பண்ற எடத்துக்குக் கொண்டு போனேன். மனசு கேக்காம, பட்டறைக்குப் பின்னால கெடந்த அந்தப் பழைய டேங்க்ல இருந்தும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கிட்டேன். அங்க ஒரு பொம்பளை இஞ்சினியரு, கண்ணாடி போட்ட புள்ளை. ரெண்டையும் பாத்துட்டு, "ரெண்டுமே அசல் எஸ்எஸ்தாங்க, ஒரு கொறையும் இல்லை. எந்த பிரஷ்ஷுல தேய்ச்சீங்க?"ன்னு கேட்டுது.

எந்த பிரஷ்ஷு? ஆணியில தொங்கின பிரஷ்ஷு. அந்த நோம்பிக்கு முந்தின வாரம் பூராவும் கோயில் கேட்டுக்கு, கருப்பு இரும்பைத் தேய்ச்ச பிரஷ்ஷு.

அந்தப் புள்ளை பொறுமையாச் சொல்லுச்சுங்க. கருப்பு இரும்பைத் தேய்ச்ச பிரஷ்ஷுல அந்த இரும்புத் தூளு ஒட்டியிருக்கும். அதே பிரஷ்ஷை எஸ்எஸ் மேல போட்டா தூளைக் கொண்டு போயி அழுத்தி வெச்சுரும். துருப்பிடிக்கறது எஸ்எஸ் இல்லை, அது மேல ஒட்டியிருக்கற அடுத்தவன் தூளு. "அன்னிக்கே ஆசிட் பேஸ்ட் தடவிக் கழுவியிருந்தா ஒரு மணி நேரத்துல போயிருக்குங்க. காத்து படற மாதிரி விட்டா அதுவே தோலைக் கட்டிக்கும். அப்படியே மூடி வெச்சாத்தான் அடியில அரிச்சுக் குழி விழும்"னுது. சரிம்மா, சரிம்மான்னு தலையாட்டிக்கிட்டே நின்னேன். ரிப்போர்ட்டு குடுத்துது. இந்தப் பையில இருக்கறது அதுதானுங்க. சேலைக்கு அடியில. சேலை மட்டுந்தான்னு முதல்ல சொன்னேன், பொய்யி.

இது நடந்து ரெண்டு வருசமாச்சு.

பாக்காதீங்க தம்பி அப்படி. தெரியும், எனக்கே தெரியும். அன்னிக்கே பவானிக்கு பஸ் ஏறியிருக்கோணும். ஏறினேனுங்க! பல தடவை ஏறினேன். அந்தக் கடை வாசல் வரைக்கும் போவேன். உள்ள தராசுக்குப் பக்கத்துல, முட்டிக்கு மேல வேட்டியைக் கட்டிக்கிட்டு, தகட்டை ஏத்தி எறக்கிக்கிட்டு இருப்பான். பாத்துட்டு எதிர்க்கடையில டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்துருவேன். சொன்னா என்ன ஆகும்? பால் கம்பெனிக்குத் தெரியும். நாணயஸ்தன்னு தட்டின அதே கையில தள்ளிவிடுவாரு அந்த மேனேஜரு. அது போக, அந்த நேரத்துல எம்பையனுக்கும் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தோம். அடுத்த மாசம் சொல்லிக்கலாம், பொங்கல் போகட்டும், ஆடி போகட்டும். இப்படியே ரெண்டு வருசம். இந்தக் காகிதத்தை மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சே போச்சு. பஸ்ஸுல எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுங்களா? உங்களை மாதிரி தெரியாதவங்க எல்லாத்துக்கும் தெரியும். சொல்ல வேண்டிய ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

போன மாசம் பூங்கொடி பட்டறைக்கு வந்தா. ஞாயித்துக்கெழமை, ஆளுங்க இல்லை. கேட்டு தொறக்கற சத்தம் கேட்டுது, எட்டிப் பாத்தேன், அவதான். கையில மஞ்சப்பை. நியாயம் கேக்க வர்றா, இல்லாட்டி எங்கப்பங் காடுதோட்டத்துல பங்கு கேட்டு நோட்டீஸோ என்னமோ கொண்டு வர்றான்னு தோணுச்சு. என்ன பண்ணினேன் தெரியுங்களா? சிரிக்காதீங்க. பின்னால கெடந்த அந்த டேங்க் வாய் வழியா உள்ள பூந்துக்கிட்டேன். அம்பத்தாறு வயசு எனக்கு. மூடியை மேல இழுத்து விட்டுக்கிட்டேன். இருட்டு. கொதிக்குது உள்ள. "அண்ணா"ன்னு கூப்பிட்டா. தகட்டு வழியா அந்தச் சத்தம் எனக்கு நாலு பக்கமும் கேக்குது. மூணு தடவை கூப்பிட்டா. வெளிய கொஞ்ச நேரம் நின்னா, செருப்புச் சத்தம் கேட்டுது, போயிட்டா.

அப்பறம் வீட்டுக்குப் போயி எஞ்சம்சாரத்துக்கிட்டப் பத்திரிகை வெச்சுட்டுப் போயிருக்கா. அவளைக் கூப்பிட்டிருக்கா பாருங்க, என்னைக் கூப்பிடலை! ஒரு அண்ணனை நேருல கூப்பிடோணுமா வேண்டாமா? வெத்தலைபாக்குத் தட்டு வெச்சு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தானுங்க வெக்கோணும். அதுதான் மொறை. எஞ்சம்சாரம் நேத்தே கெளம்பிப் போயிட்டா. போறப்ப, "பத்திரிகையைப் பிரிச்சாச்சும் பாத்தீங்களா?"ன்னா. "அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்"னேன். "உங்களுக்கு எல்லாந்தான் பாக்கறதுக்கு முன்னாலயே தெரியுமே"ன்னுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் போறா. நக்கலு. முப்பது வருசக் குடித்தனம், இந்த நேரத்துல நக்கலு.

அரச்சலூரு வந்துருச்சு. இனிக் கொஞ்ச தூரந்தான்.

இன்னிக்கு என்ன ஆனாலும் சரின்னு கெளம்பிட்டனுங்க. மண்டபத்துக்குள்ள போகமாட்டேன். வாசல்ல நின்னு அர்த்தநாரியைக் கூப்பிட்டு விடுவேன். இந்த ரிப்போர்ட்டைக் கையில குடுத்து, "மாப்ள, உஞ்சரக்கு அசல். எங்கையிதான் போலி"ன்னு நூறு பேரு முன்னால சொல்லிப்போடுவேன். அன்னிக்கு நூறு பேரு முன்னாலதானே கேட்டேன். ராத்திரியெல்லாம் இதையே சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அவனுக்கு எப்படி இருக்கும் தெரியுங்களா? மூணு வருசமா ஒரு பழியைச் சொமந்துக்கிட்டு, எதனால வந்துதுன்னே தெரியாம இருக்கானே, அவனுக்கு இந்தக் காகிதம்... அடிப்பானோ என்னமோ. அடிக்கட்டும். அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்.

நீங்க என்ன சொல்றீங்க? பிரிச்சுத்தான் பாருங்களேன்னா? வேண்டாமுங்க. உங்களுக்குப் பத்திரிகை வேணும்னா இந்தாங்க வாங்கிக்கங்க. எம்முன்னால பிரிக்காதீங்கன்னேனே. தம்பி. தம்பி, சொன்னாக் கேளுங்க.

எங்க? எந்த வரி?

கண்ணாடி இல்லை எங்கிட்ட. நீங்களே படிங்க. இன்னொருக்காப் படிங்க.

தாய்மாமன், பெரியதனம் வி. சென்னியப்பன், ஈரோடு. பெரியதனமா? ஊருப் பெரியவங்களுக்குப் போடற மரியாதைங்க அது, எங்கப்பனுக்குத்தான் அப்படிப் போடுவாங்க. எனக்கு யாரு போட்டது? அச்சடிச்சிருக்குதா, பேனாவுல எழுதியிருக்குதா? அச்சுத்தானா. அப்ப எல்லாப் பத்திரிகையிலயும் இப்படித்தான் இருக்குமா?

இதை யாரு எழுதிக் குடுத்திருப்பாங்க? பத்திரிகைக்குப் பொண்ணு வீட்டுப் பேரெல்லாம் எழுதிக் குடுக்கறது பொண்ணோட அப்பன்தானுங்க. அர்த்தநாரி கைப்பட எழுதிக் குடுத்திருக்கோணும். எப்படிங்க எழுதினான்? நான் இன்னும் சொல்லவே இல்லையே. அவனுக்கு ஒண்ணுமே தெரியாதே. அவன் கணக்குல நான் இன்னும் அவனை நடுத்தெருவுல வெச்சுத் திருடன்னவன்தானே? அதுக்கு மேல என்ன தெரியும் அவனுக்கு...

இருங்க.

அந்தத் துருவை வெரலால தடவினானே. கோட்டு வழியாவே தடவினானே. நிமுந்து பிரஷ்ஷைப் பாத்தான். அப்பறம் என்னைப் பாத்தான்.

தகடு யாவாரிங்க தம்பி அவன். இருவது வருசம் தகடு யாவாரி. தனிச் சாமான் வெச்சுக்குங்கன்னு எறக்கறப்பவே சொன்னவன். அந்தக் கோட்டைப் பாத்தா அவனுக்குத் தெரியாதா? ஐயோ. அவனுக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். அந்த நிமிசமே தெரியும். வாயைத் தொறந்தானே. மேனேஜரைப் பாத்துட்டு மூடிக்கிட்டானே. அவரு முன்னால சொன்னா எம்பட்டறை அன்னிக்கே போயிருக்கும். பொண்டாட்டியோட அண்ணன் பொழப்புப் போயிரும்னு வாயை மூடிக்கிட்டுப் போனான். நான் அதைத் திருட்டு முழின்னு தெருவுக்கே சொன்னேன். மூணு வருசமா எடை போடறானுங்க. பூங்கொடிக்கிட்டக்கூடச் சொல்லலை. நான் எதிர்க்கடையில டீ குடிச்சதையும் பாத்திருப்பான், இல்லீங்களா? எத்தனை தடவை! பாக்காமயா இருந்திருப்பான்?

அவ கையில இருந்த மஞ்சப்பை. வெத்தலைபாக்கு இருந்திருக்கும் அதுல. தட்டு இருந்திருக்கும். மூணு தடவை கூப்பிட்டா. நான் டேங்குக்குள்ள உக்காந்துக்கிட்டு, என்னைக் கூப்பிடலைன்னு...

இப்ப நான் எதைங்க கொண்டு போறது? இந்தக் காகிதத்தை அவனுக்குச் சேதின்னு தூக்கிக்கிட்டு வந்தேன். அவனுக்குத் தெரியாத சேதி ஒண்ணுகூட எங்கிட்ட இல்லை. இவன் எப்பத்தான் வாயைத் தொறப்பான்னு மூணு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். இதுக்கு என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம். எம்பேரை அடிச்சு விட்டிருக்கலாம். அதைத் தாங்கிக்குவேன். இதைத் தாங்க முடியலைங்க தம்பி.

என்னங்க, மண்டபம் வந்துருச்சா? அதா, வாழமரம் கட்டியிருக்குது. மேளச் சத்தம் கேக்குது. எத்தனை மணிங்க? ஒம்போது ஆகப்போகுது. ஒம்போதுக்கு மேல முகூர்த்தம், அதுக்கு முந்தியே பட்டம் கட்டோணும். எம்பேரைப் போட்டுட்டாங்கன்னா வேற யாரையும் கட்ட விடமாட்டாங்க. அந்தப் புள்ளை வெறும் நெத்தியோட உக்காந்திருக்கும்.

வாசல்ல நிக்கறது அவந்தானுங்க. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாக்கறான். எளைச்சுப் போயிட்டான். எனக்காகத்தான் நிக்கறான், வேற யாருக்கு?

இந்த ரிப்போர்ட்டைக் குடுத்தாக் கேவலம், குடுக்காட்டி அதைவிடக் கேவலம். குடுத்துத்தான் தீரோணும். அவனுக்குத் தெரிஞ்சிருந்தாலும் என் வாயில இருந்து வரோணும். மூணு வருசமா அதுக்குத்தானே நிக்கறான்.

எறங்கறோமுங்க கண்டக்டர், விசிலை ஊதாதீங்க. பையில பட்டம் இருக்குது, நசுக்கிப் போடாதீங்க. தம்பி, கையைச் சித்தெப் பிடிங்க.